காபூலின் சாவிக்காரர்கள்

ஆப்கானிஸ்தானின் பண்பாட்டுச் செல்வங்களுக்கு நேர்ந்த கதியைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோர் நினைவுக்கும் முதலில் வருவது பாமியான்தான். 55 மீட்டரும் 38 மீட்டரும் உயரம் கொண்ட அந்த இரண்டு புத்தர் சிலைகளை 2001 மார்ச்சில் தாலிபான்கள் வெடிவைத்துத் தகர்த்த காட்சியை உலகமே பார்த்தது. அதே காலத்தில் காபூல் நகரத்துக்குள் காப்பாற்றப்பட்டவற்றுக்கு அப்படியொரு காட்சி கிடையாது. காப்பாற்றியவர்களின் சாமர்த்தியம் முழுவதும் யார் கண்ணிலும் படாமல் இருப்பதில்தான் இருந்தது என்பதால், அழிவுக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நான் எழுத நினைப்பது அவர்களைப் பற்றி.

காபூலின் தென்மேற்கில், தாருல் அமான் அரண்மனைக்கு எதிரே நிற்கிறது ஆப்கானிஸ்தான் தேசிய அருங்காட்சியகம். ஒரு காலத்தில் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. பெக்ராமில் கிடைத்த இந்தியத் தந்தச் செதுக்கல்களும் ரோமானியக் கண்ணாடிக் கலங்களும், ஹட்டாவின் களிமண் புத்தர்களும், சுர்க் கோட்டலில் கிடைத்த குஷாண மன்னன் கனிஷ்கனின் சிலையும், நூரிஸ்தானின் மரத்தாலான மூதாதையர் உருவங்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அத்தனை திசைகளின் சரக்கும் வந்து சேர்ந்த நாடு அது என்பதை அந்தக் கட்டடத்துக்குள் ஒருமுறை சுற்றி வந்தாலே உணர்ந்துகொள்ளலாம் என்று அந்நாளில் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்த நாட்டின் அருங்காட்சியகங்களிலும் கருவூலங்களிலும் தஹ்வீல்தார் என்றொரு பொறுப்பு உண்டு. இந்த அறை, இந்தப் பெட்டி, இதிலுள்ள பொருள்கள் என்று பட்டியலிட்டு ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். சாவி அவரிடம் இருக்கும்; அவர் வந்து நின்றால்தான் பெட்டியைத் திறக்கலாம்; ஏதாவது குறைந்தால் அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் இறந்துவிட்டால் அந்தப் பொறுப்பு மூத்த மகனுக்குப் போகும் என்பது வழக்கம் என்கிறார்கள். இயக்குநர்களும் அமைச்சர்களும் மாறிக்கொண்டே இருந்த ஒரு நாட்டில், ஆட்சி கவிழ்ந்த மறுநாள் காலையிலும் பொருளுக்குப் பொறுப்பானவர் யார் என்ற கேள்விக்கு விடை மாறாமல் இருந்தது இந்த ஏற்பாட்டினால்தான். பண்பாட்டுப் பாதுகாப்பைப் பற்றிய கருத்தரங்குகளில் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசக் கேட்டதில்லை. ஆனால் காபூலில் நடந்ததைத் தொடர்ந்து படித்துவந்ததில் என் மனத்தில் நிலைத்த கருத்து, மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் பழைய ஏற்பாடுதான் அதிகம் உதவியது என்பதே.

சோவியத் படைகள் 1989 பிப்ரவரியில் முழுவதுமாக வெளியேறின. அடுத்து வரப்போவது நல்ல காலம் அல்ல என்பது காபூலில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அருங்காட்சியகம் நகரத்தின் ஓரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து சண்டை வந்தாலும் முதலில் அடிபடும் இடத்தில் இருந்தது. ஆகவே அதிபர் நஜிபுல்லாவின் அரசு ஒப்புதல் தர, மிக மதிப்புள்ள பொருள்களைப் பெட்டிகளில் அடைத்து மூன்று இடங்களாகப் பிரித்தார்கள். ஒரு பங்கு அருங்காட்சியகத்திலேயே இருந்தது. ஒரு பங்கு தகவல் பண்பாட்டு அமைச்சகத்துக்குப் போனது. மற்றொரு பங்கு அதிபர் மாளிகை வளாகத்துக்குள் இருந்த மத்திய வங்கியின் நிலவறைப் பெட்டகத்துக்குப் போனது. பிரித்து வைத்தது பெரிய புத்திசாலித்தனம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பத்திரமாக வைத்திருந்தால் அந்த ஓர் இடம் போனதும் எல்லாம் போயிருக்கும்.

வங்கிப் பெட்டகத்துக்குப் போனவற்றில் முக்கியமானது தில்யா தெப்பேயின் தங்கம். வடக்கே ஷெபர்கான் நகருக்கு அருகில் உள்ள அந்த மேட்டை 1978-79 குளிர்காலத்தில் விக்டர் சரியானிதி தலைமையிலான சோவியத்-ஆப்கான் குழு அகழ்ந்தபோது, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த நாடோடிப் பிரபுக் குடும்பத்தின் ஆறு கல்லறைகள் கிடைத்தன. அவற்றில் ஐந்து பெண்களுடையவை, ஒன்று ஆணுடையது. அந்த ஆறிலிருந்து எடுத்தவை மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட பொருள்கள், பெரும்பாலும் தங்கம்.

பிறகு நடந்ததைச் சொல்லும்போது ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த அருங்காட்சியகத்துக்கு மிகப் பெரிய சேதம் மதத்தின் பெயரால் வரவில்லை. 1992-க்குப் பிறகு, சோவியத் படைகளை எதிர்த்துப் போரிட்டிருந்த முஜாஹிதீன் குழுக்கள் காபூலுக்காகத் தமக்குள் அடித்துக்கொண்டபோது, 1993 மே 12 அன்று ஒரு ராக்கெட் விழுந்து மேல்மாடி எரிந்தது, கூரை சரிந்தது, அதன்பின் யார் அந்தப் பகுதியைப் பிடித்தாலும் அவர்களுடைய ஆட்கள் உள்ளே புகுந்து எடுத்துச் சென்றார்கள். சேகரிப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு அந்த ஆண்டுகளில் காணாமல் போனது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட மதிப்பீடு. நாணயங்களில் பெரும்பகுதி போய்விட்டது. எது விலைபோகும் என்று தெரிந்தே எடுத்திருந்தார்கள். பெஷாவர் கடைகள் வழியாக அந்தப் பொருள்கள் லண்டனுக்கும் டோக்கியோவுக்கும் போய்ச் சேர்ந்தன. சம்மட்டியோடு வருபவனைக் கண்டு உலகம் கொதிக்கிறது. காசோலையோடு வருபவனிடம் அந்தக் கொதிப்பைக் காட்டுவதில்லை. இழப்பின் கணக்கைப் பார்த்தால் இரண்டாமவன்தான் முதலிடத்தில் இருக்கிறான்.

அருங்காட்சியக ஊழியர்கள் அந்தச் சண்டைக்கு நடுவிலும் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். ஐ.நா. உதவியோடு கதவுகளுக்கு இரும்புத் தகடு அடித்தார்கள், சன்னல்களை அடைத்தார்கள், இடிபாடுகளைச் சலித்து எஞ்சியவற்றை எடுத்தார்கள். விவர அட்டைகளில் பெரும்பாலானவை தீயில் போயிருந்ததால், எது இருந்தது எது இல்லை என்பதைப் பல நேரங்களில் அவர்கள் நினைவிலிருந்துதான் எழுத வேண்டியிருந்தது. 1996-இல் தாலிபான்கள் நெருங்கிவந்தபோது மிச்சமிருந்தவற்றைப் பட்டியலிட்டு நகர நடுவில் இருந்த காபூல் ஹோட்டலுக்குக் கொண்டுபோனார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 27 அன்று தாலிபான்கள் காபூலுக்குள் நுழைந்தார்கள். முதல் வேலையாக நஜிபுல்லாவைக் கொன்று தெருவில் தொங்கவிட்டார்கள். பொருள்களைப் பெட்டகத்தில் வைக்க ஒப்புதல் தந்தது அவருடைய அரசு. இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சில ஊழியர்கள் மட்டுமே.

தாலிபான்கள் தொடக்கத்திலிருந்தே சிலைகளை உடைக்கத்தான் கிளம்பினார்கள் என்று நினைப்பது சரியல்ல. 1999-இல் தாலிபான் தலைவர் முல்லா உமர் வெளியிட்ட ஆணை பாமியான் சிலைகளைப் பாதுகாக்கச் சொன்னது. நாட்டில் பௌத்தர்கள் யாரும் இல்லாததால் அவற்றை யாரும் வணங்கப் போவதில்லை என்பது அதில் கூறப்பட்ட காரணம். 2001 பிப்ரவரி 26 அன்று வந்த ஆணை அதற்கு நேர்மாறாக, நாட்டிலுள்ள எல்லாச் சிலைகளையும் அழிக்கச் சொன்னது. இந்தியா அவற்றைத் தன்னிடம் தந்துவிடுமாறு கேட்டது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பெயர்க்கக்கூடியவற்றைத் தன் செலவில் எடுத்துச் செல்ல முன்வந்தது. யுனெஸ்கோ தூதரை அனுப்பியது. இஸ்லாமிய நாடுகளின் அறிஞர்களும் போய்ப் பேசிப் பார்த்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. இத்தனை பேர் வேண்டாம் என்று கெஞ்சும்போது செய்து காட்டுவதில்தான் அவர்களுக்கு ஆதாயம் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. உலகின் மதிப்பைப் பெற விரும்புகிறவனிடம்தான் உலகின் கண்டனம் செல்லுபடியாகும்.

அந்த வாரங்களில் சுத்தியலும் கோடரியுமாக ஆட்கள் அருங்காட்சியகக் கிட்டங்கிகளுக்கும் வந்தார்கள். பெட்டிகளைத் திறக்கச் செய்து, மனித உருவமோ விலங்கு உருவமோ உள்ளவற்றை வெளியே எடுத்து உடைத்தார்கள். ஏறத்தாழ 2,500 பொருள்கள் உடைந்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஹட்டாவின் களிமண் முகங்கள் பொடியாயின. கனிஷ்கன் சிலை துண்டுகளானது. அந்தச் சிலைக்கு மேல்பாதி முன்பே கிடையாது; கணுக்கால்வரை இறங்கும் கனத்த அங்கியும் பருத்த காலணிகளும்தான் எஞ்சியிருந்தன. அதையும் விடவில்லை. அவ்வளவையும் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்ற ஊழியர்கள், அவர்கள் போன பிறகு துண்டுகளைக் கூட்டிப் பெருக்கி வெளியே கொட்டிவிடவில்லை. பொறுக்கிச் சேர்த்துப் பெட்டிகளில் போட்டு வைத்தார்கள்.

அந்த ஆண்டுகளில் நடந்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது தேசிய ஓவியக் கூடத்தில் நடந்தது. முகம்மது யூசுப் ஆசெஃபி ஒரு மருத்துவர், ஓவியரும்கூட. உயிருள்ளவற்றின் உருவங்கள் கூடாது என்ற தடை இருந்ததால், கூடத்தின் எண்ணெய் வண்ண ஓவியங்கள் ஒவ்வொன்றாக அழிக்கப்படும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பழுது பார்க்கிறேன் என்று சொல்லி உள்ளே போய், உருவங்கள்மீது நீர்வண்ணத்தைப் பூசினார். எண்ணெய் வண்ணம் காய்ந்த பரப்பின்மீது நீர்வண்ணம் ஒட்டுமே தவிர உள்ளே இறங்காது; ஈரத் துணியால் துடைத்தால் வந்துவிடும். வேலையின் கஷ்டம் பூசுவதில் இல்லை. பூசியது தெரியாமல் இருப்பதில்தான். தெருவில் நடக்கும் மனிதனை மறைக்க வேண்டுமானால், அவனுக்குப் பின்னால் இருந்திருக்கக்கூடிய சுவரை, அந்த ஓவியர் எந்தக் கையால் எந்த ஒளியில் வரைந்திருப்பாரோ அதே கையால் அதே ஒளியில் வரைந்தாக வேண்டும். இப்படி 80-க்கும் மேற்பட்ட ஓவியங்களில் மனிதர்களையும் விலங்குகளையும் காணாமல் செய்தார். பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தாலிபான் ஆட்சி விழுந்த பிறகு, ஆட்கள் கூடி நிற்க, ஈரப் பஞ்சால் துடைத்து அந்த உருவங்களை அவரே திரும்பக் கொண்டுவந்தார். ஆப்கான் ஃபிலிம் நிறுவனத்தின் ஊழியர்கள் படச்சுருள்களைப் பொய்ச்சுவர் ஒன்றின் பின்னால் அடைத்துவைத்ததும் இதே ஜாதிக் காரியம்தான்.

வங்கிப் பெட்டகத்துக்கு வருவோம். தங்கத்தைப் பற்றிக் காபூலில் பல வதந்திகள் உலவின. ரஷ்யர்கள் மாஸ்கோவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள். உருக்கி ஆயுதம் வாங்கிவிட்டார்கள் என்றார்கள். உண்மை தெரிந்தவர்கள் அவற்றை மறுக்கவில்லை. பொருள் போய்விட்டது என்று ஊர் நம்புவதைவிட நல்ல காவல் கிடையாது. உமரா கான் மஸ்ஊதி அந்த ஊழியர்களில் ஒருவர். பின்னாளில் அருங்காட்சியக இயக்குநரானவர். அவரைப் போன்றவர்கள் சம்பளம் ஒழுங்காக வராத ஆண்டுகளிலும் வாயைத் திறக்காமல் இருந்தார்கள். தாலிபான்கள் பெட்டகத்தைத் திறக்க முயன்றபோது சாவியைப் பூட்டுக்குள்ளேயே ஒடித்துவிட்டதாக வங்கி ஊழியர் ஒருவர் பின்னர் செய்தியாளர்களிடம் சொன்னார். ஏழு பேரிடம் ஏழு சாவிகள் இருந்தன என்றும் ஒரு கதை உண்டு. மாயாஜாலக் கதையின் வாசனை அடிப்பதால் அதை நான் நம்புவதில்லை. உண்மையில் நடந்தது அதைவிட எளிமையானது: தெரிந்தவர்கள் சிலர், அவர்களில் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

2003-இல் பெட்டிகள் பத்திரமாக இருக்கின்றன என்று அதிபர் கர்சாய் அறிவித்தார். மறு ஆண்டு திறக்கப் போனபோது இரும்புப் பெட்டிகளின் சாவிகள் கிடைக்கவில்லை, அறுத்துத்தான் திறந்தார்கள். உள்ளே பழைய பிளாஸ்டிக் பைகளில், ரஷ்யக் கையொப்பமிட்ட சீட்டுகளோடு தங்கம் இருந்தது. இவை அசல்தானா, இடையில் யாராவது போலியை மாற்றி வைத்துவிட்டார்களா என்ற சந்தேகம் எழுவது இயல்பு. அதற்காகவே சரியானிதியை அழைத்திருந்தார்கள். பொருள்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு சிறிய பொருளில் முன்பு தன் கையாலேயே கம்பி கட்டிச் சரிசெய்திருந்த இடத்தைக் கண்டுகொண்டார். வேறு சான்று தேவைப்படவில்லை.

அந்தப் பொருள்கள் 2006 இறுதியில் பாரிஸின் கீமே அருங்காட்சியகத்தில் தொடங்கி, பல ஆண்டுகள் நாடு நாடாகச் சென்றன. 2011-இல் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது நானும் போய்ப் பார்த்தேன். ஆறாவது கல்லறையில் இருந்த பெண்ணின் தலையில் கிடைத்த கிரீடத்தின் முன்னால் கூட்டம் நகர மறுத்தது. தகட்டுப் பட்டை ஒன்றின்மீது மரம் போன்ற ஐந்து வடிவங்கள்; அவற்றில் தொங்கும் மெல்லிய தங்க வட்டங்கள் யாராவது கண்ணாடிக்கு அருகில் நடந்தாலே லேசாக நடுங்குவதுபோல் இருந்தன. ஐந்தையும் தனித்தனியே கழற்றிவிடலாம், பட்டையைத் தட்டையாக்கிவிடலாம். கூடாரத்தைப் பிரித்துக் குதிரையில் ஏற்றுகிறவர்களுக்கு அரச சின்னமும் மடித்து வைக்கக்கூடியதாகத்தானே இருக்க வேண்டும்! எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு ஏற்றபடி செய்யப்பட்ட பொருள் என்பதாலோ என்னவோ, அது தப்பித்துவிட்டது. பாமியான் சிலைகள் மலையோடு மலையாக இருந்தவை. அவற்றுக்கு ஒளிந்துகொள்ளும் வழி இல்லை.

அதே கண்காட்சியில் வேறொரு பொருள் தொகுப்பும் இருந்தது. உள்நாட்டுப் போரின்போது காபூலிலிருந்து திருடப்பட்ட பெக்ராம் தந்தத் துண்டுகள் இருபதை ஒரு கொடையாளர், காபூலுக்குத் திருப்பித் தரும் நோக்கத்துடனே, வாங்கிக் கொடுத்திருந்தார். தோரணவாயிலின் கீழ் சாய்ந்து நிற்கும் பெண்கள், கை நிறைய வளையல்கள், இடையில் மேகலை. துப்புரவு செய்தவர்கள் அவற்றில் பழைய வண்ணத்தின் தடங்களைக் கண்டிருந்தார்கள். இந்தியாவில் யாரோ செதுக்கி வண்ணம் பூசியவை, கி.பி. முதல் நூற்றாண்டளவில் பெக்ராமுக்குப் போய், அங்கே வாசல் அடைக்கப்பட்ட அறைகளுக்குள் 1930-களில் பிரெஞ்சு அகழ்வாளர்கள் திறக்கும்வரை கிடந்தவை. அந்த அறைகளை அடைத்தவர்களும் ஏதோ ஆபத்தைக் கண்டுதான் அடைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். அவர்கள் திரும்பி வரவில்லை. அந்தத் துண்டுகள் 2012-இல் காபூல் போய்ச் சேர்ந்தன. அவை பெக்ராம் தந்தங்கள்தான் என்று அடையாளம் காண முடிந்தது எப்படி? அகழ்ந்தபோதே எடுத்த படங்களும் வரைபடங்களும் அச்சாகியிருந்தன.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. திருடனிடமிருந்து மீட்க வேண்டுமானால் எல்லாவற்றுக்கும் படமும் பட்டியலும் வெளியில் இருக்க வேண்டும். உடைக்க வருகிறவனிடமிருந்து காக்க வேண்டுமானால் எது எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியக் கூடாது. இரண்டு ஆபத்துகளும் ஒரே பத்தாண்டில் வந்த ஊர் காபூல். பொருளின் விவரம் உலகறிய இருக்கட்டும், இருக்கும் இடம் மட்டும் சிலருக்கே தெரியட்டும் என்று இரண்டையும் பிரித்து வைக்கத் தெரிந்திருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். தில்யா தெப்பே அகழ்வுகள் முன்பே நூல்களில் வெளியாகியிருந்தன. பெட்டகம் மட்டுமே இரகசியமாக இருந்தது.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடலாமே என்ற யோசனை எப்போதும் எழும். சுவிட்சர்லாந்தின் புபென்டோர்ஃப் என்ற சிற்றூரில், போரிட்ட இரு தரப்பும் கேட்டுக்கொண்டதன்பேரில், ஆப்கான் பொருள்களுக்கென்று ஒரு புகலிட அருங்காட்சியகத்தை 1990-களின் இறுதியில் அமைத்தார்கள். ஆனால் கலைப்பொருள் கடத்தலைத் தடுக்க எழுதிய சர்வதேச விதிகளே காபூலிலிருந்து பொருள்களை எடுத்துவர இடையூறாயின. ஆண்டுகள் கழிந்து, 2001-ம் வந்துவிட்டது. அங்கே தனியார் ஒப்படைத்த 1,400 அளவிலான பொருள்கள் 2007-இல் காபூலுக்குத் திரும்பின. காலனி ஆட்சிகள் அள்ளிக்கொண்டுபோன அனுபவம் உள்ள நாடுகள் 'பாதுகாப்புக்காக எடுத்துச் செல்கிறோம்' என்ற பேச்சை நம்பத் தயங்குவது நியாயமே. அந்த நியாயத்துக்கு ஒரு விலையும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

சட்டம் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மாலி நாட்டின் திம்புக்துவில் 2012-இல் கல்லறை மாடங்களை இடித்த அஹ்மத் அல் ஃபாகி அல் மஹ்திக்கு, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பண்பாட்டுச் சின்னங்களை அழித்த குற்றத்துக்காக மட்டுமே அந்த நீதிமன்றம் ஒருவரைத் தண்டித்தது அதுவே முதல் முறை. ஆனால் தீர்ப்பு வந்தது இடித்து முடித்த பிறகு. அதே ஊரின் பழங்கையெழுத்துப் பிரதிகள் லட்சக்கணக்கில் தப்பியது, அப்தெல் காதர் ஹைதாராவும் அவரோடு சேர்ந்த நூலகக் குடும்பத்தாரும் தகரப் பெட்டிகளில் அடைத்து, வண்டியிலும் நைஜர் ஆற்றுப் படகிலும் பமாகோவுக்குக் கடத்தியதால். சிரியாவின் பல்மைராவில் 40 ஆண்டுகள் தொல்லியல் பொறுப்பில் இருந்த காலித் அல் அசாத், 80 வயதைக் கடந்தவர், பொருள்கள் ஒளித்து வைக்கப்பட்ட இடத்தைச் சொல்ல மறுத்ததால் 2015 ஆகஸ்டில் ஐ.எஸ். அமைப்பினரால் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். மூன்று ஊர்களிலும் காத்தவர்கள், அந்தப் பொருளோடு வாழ்நாளைக் கழித்த உள்ளூர்க்காரர்கள். அவர்களுக்கு முன்கூட்டியே பெட்டி, வண்டிச் சத்தம், ஒழுங்கான சம்பளம் கிடைக்கச் செய்வதற்கு ஆகும் செலவு, ஒரு சர்வதேச மாநாட்டுக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட இராது.

உடைந்த துண்டுகளின் கதை இன்னும் முடியவில்லை. கனிஷ்கன் சிலையைப் பழைய படங்களை வைத்து ஒட்டி நிறுத்திவிட்டார்கள். ஹட்டாவின் சிற்பங்கள் அப்படி எளிதில் சேர்வதாக இல்லை. ஆயிரக்கணக்கான துண்டுகளில் எந்த மூக்கு எந்த முகத்துக்கு என்று பார்க்க வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு காபூல் ஊழியர்கள் ஒவ்வொரு துண்டையும் படமெடுத்து, அளந்து, கணினியில் ஏற்றி, பொருத்திப் பார்க்கும் வேலையைத் தொடங்கினார்கள். 2001-இல் பொறுக்கிப் போட்ட பெட்டிகள் இல்லாவிட்டால் இந்த வேலைக்கே இடமில்லை. துடைப்பத்தால் கூட்டி எறிந்துவிடுவதுதான் அன்று எவருக்கும் ஆபத்தில்லாத செயலாக இருந்திருக்கும்.

2021 ஆகஸ்டில் தாலிபான்கள் மீண்டும் வந்தார்கள். தில்யா தெப்பே தங்கம் வெளிநாட்டுப் பயணங்களை முடித்துக்கொண்டு அதற்கு முன்பே நாடு திரும்பியிருந்தது. இந்த முறை அவர்கள் தொல்பொருள்களைக் காக்க வேண்டும் என்று அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அறிக்கை விட்டிருந்தார்கள். அருங்காட்சியக வாசலில் அவர்களுடைய ஆட்களே காவல் நின்றார்கள். சில மாதங்களில் அருங்காட்சியகம் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. செப்டம்பரில், பாக்ட்ரியத் தங்கம் என்றும் அழைக்கப்படும் அந்தத் தில்யா தெப்பே தங்கம் இருக்கும் இடத்தைத் தேடிக் கண்டறியப் போவதாகவும் அவர்கள் அறிவித்தார்கள். 1999-இல் ஓர் ஆணையும் 2001-இல் அதற்கு எதிரான ஆணையும் பார்த்த ஊழியர்கள் சிலர் இன்னும் அந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கக்கூடும். இந்த அறிக்கையை எவ்வளவு தூரம் நம்புவது என்று அவர்களிடம் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.